அறையினுள் வளரும் மாஸ்: பராமரிப்பும் நலிவுக் குறிகளும்

மழைக்காலத்தில் சுவரினின்று பெயர்த்தெடுக்கப்பட்ட மாஸ், பள்ளிச் சோதனைச்சாலையில் ஒரு கண்ணாடித் தட்டில் வைக்கப்படுகிறது. சில நாட்கள் வரை அது பசுமையாகவே இருக்கிறது. பின்னர் இலை நுனிகள் பழுக்கத் தொடங்குகின்றன. நீர் போதவில்லை எனக் கருதி நாள்தோறும் நீர் தெளிக்கப்படுகிறது. சில வாரங்களில் மெத்தை முழுவதும் கறுத்து அழிந்துவிடுகிறது. பாடம் நடத்தும் வேளையில் மாணவர்கள் உயிருள்ள செடிக்குப் பதிலாகப் படத்தையே காண நேர்கிறது.

இவ்விழப்பைப் பெரும்பாலும் தவிர்க்க இயலும். மாஸ் மடிவதற்குக் காரணம் கவனிப்பின்மை மட்டுமன்று. பூச்செடிகளுக்கு உரிய கவனிப்பை அதற்கும் அளிப்பதே பல வேளைகளில் அதன் அழிவுக்குக் காரணமாகிறது.

மாஸின் இயல்பு

வழக்கில் ‘பாசி’ என்னும் ஒரே சொல், குளத்து நீரில் படரும் ஆல்காவையும் ஈரச் சுவரில் மெத்தைபோல் வளரும் மாஸையும் குறிக்கிறது. இவை இரண்டும் வெவ்வேறானவை. மாஸ் என்பது சிறு தண்டும் இலைகளும் உடைய நிலத் தாவரம். உலகில் ஏறத்தாழ 12,000 இனங்கள் உள்ளன. இவற்றில் பூவும் விதையும் இல்லை. நுண்ணிய ஸ்போர்களால் இனம் பெருகுகிறது.

மாஸுக்கு உண்மையான வேர்கள் கிடையா. அடியிலுள்ள மெல்லிய இழைகள், செடியை மண்ணோடும் கல்லோடும் பற்றவைப்பதற்கே பெரிதும் பயன்படுகின்றன. பெரும்பாலான மாஸ்களின் இலை ஒரே ஓர் உயிரணு அடுக்கால் ஆனது. பிற செடிகளின் இலைமீது உள்ள தடித்த மெழுகுப் படலம் அதற்கு இல்லை. ஆதலின் நீர் இலையின் பரப்பு முழுவதும் உட்புகுகிறது. அவ்வளவு எளிதாகவே வெளியேறியும் விடுகிறது.

இவ்வமைப்பிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. முதலாவது, நீரிலும் காற்றிலும் கலந்துள்ள பொருள்கள் நேரே உயிரணுவை அடைகின்றன. லண்டன் நகர மருத்துவரான நதானியேல் வார்டு என்பவர் தம் வீட்டுப் புறத்தில் பெரணிகளையும் மாஸ்களையும் வளர்க்க முயன்றபோது, நிலக்கரிப் புகையால் அவை மடிந்தன. 1829-ஆம் ஆண்டில், மூடிய கண்ணாடிப் புட்டியில் இருந்த ஈர மண்ணில் பெரணியும் புல்லும் தாமே முளைத்ததை அவர் கண்டார். இன்று மாஸ் வளர்க்கப் பயன்படும் மூடிய கண்ணாடிப் பெட்டிகளுக்கு அதுவே முன்னோடி. 1960-களின் இறுதியில் ஸ்வீடன் நாட்டு அறிவியலார், காற்றின்வழி வந்து படியும் உலோகங்களை அளப்பதற்கு மாஸையே பயன்படுத்தத் தொடங்கியதும் இவ்வியல்பு பற்றியே.

இரண்டாவது, காற்று வறளும்போது மாஸும் உடன் வறளுகிறது. ஆயினும் பல இனங்கள் இறப்பதில்லை. உயிர்ச் செயல்கள் ஓய்ந்து, மீண்டும் நனையும் வரை செடி காத்திருக்கிறது.

உலர்தலும் நனைதலும்

உலர்ந்த மாஸ் நனைந்தவுடன் உணவு ஆக்கத் தொடங்கிவிடுவதில்லை. உலர்ந்தபோது சிதைந்த உறுப்புக்களை அது முதலில் செப்பனிட வேண்டும். இதற்குச் சேமிப்பிலுள்ள உணவு செலவாகிறது. அதன் பின்னரே ஒளிச்சேர்க்கையின் வரவு செலவை மிஞ்சும். ஆகவே வெப்பமான அறையில் காலையில் சிறிது நீர் தெளித்து, ஒரு மணி நேரத்தில் அது உலர்ந்துவிடுமாயின், ஒவ்வொரு நாளும் செலவு மட்டுமே நிகழ்கிறது, வரவு இல்லை. அன்றாடம் நீர் பெற்றும் செடி பட்டினியால் மெலிகிறது. நீரை முழுமையாக நனையுமாறு விட்டு, அந்த ஈரம் பல மணி நேரம் நிலைக்கும்படி செய்வதே முறை. உலரவிடும்போதும் மெல்ல உலர விடுதல் வேண்டும். திடீரென உலர்வது மிகுந்த கேடு பயக்கும்.

வளர்க்கும் முறை

அகன்ற, ஆழமற்ற கண்ணாடிப் பாத்திரம் ஏற்றது. அடியில் சிறு கூழாங்கற்களைப் பரப்பி, அவற்றின்மேல் மாஸ் முன்பு வளர்ந்த இடத்தின் மண்ணையே மெல்லிய அடுக்காக இடலாம். சுண்ணாம்புச் சுவரில் வளர்ந்ததைக் காட்டு மண்ணிலும், காட்டு மண்ணில் வளர்ந்ததைச் சுண்ணாம்புக் கல்லிலும் மாற்றி வைத்தல் கூடாது. மெத்தையின் அடி, மண்ணோடு இடைவெளியின்றிப் படியுமாறு மெதுவாக அழுத்துதல் வேண்டும்.

மழைநீரே சிறந்தது; அது கிடைக்காவிடில் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்தலாம். குழாய் நீரைத் திறந்து வைப்பதால் குளோரின் ஓரளவு நீங்கும். ஆனால் சுண்ணாம்பு முதலிய உப்புக்கள் நீங்கா. உரம் தேவையில்லை.

நேர் வெயில் படாத, ஆனால் நல்ல வெளிச்சமுள்ள சன்னலருகு உகந்த இடம். மூடிய பாத்திரத்தை வெயிலில் வைத்தால் உள்வெப்பம் விரைவில் உயர்ந்து மாஸ் வெந்துவிடும். மூடியை நாள்தோறும் சிறிது நேரம் திறந்து வைப்பது நன்று.

நலிவுக் குறிகள்

நிறமாற்றம் கண்டவுடன் நீரூற்றுதல் தவறு. அது எப்பகுதியில், எவ்வகையில் தோன்றுகிறது என்பதை முதலில் நோக்க வேண்டும்.

1. இலைகள் சுருண்டு, முறுகி, மங்கிய நிறம் பெற்று, தொட்டால் நொறுங்குவனவாயின், அது வறட்சி. நனைத்த சில நிமிடங்களில் இலைகள் விரிந்து பசுமை பெறுமாயின் கேடு ஒன்றுமில்லை.

2. நுனிகள் மட்டும் பழுத்து, வெண்பொடி படிந்திருப்பின், அது உப்புக்களின் விளைவு. கிணற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் ஆவியாகும்போது உப்பை இலையிலேயே விட்டுச் செல்கின்றன. மழைநீரால் பலமுறை அலசி, நீரை மாற்ற வேண்டும்.

3. அடியிலிருந்து கறுத்து, வழவழப்பாகித் துர்நாற்றம் வீசினால், அது நீர் தேங்கிக் காற்றோட்டம் குன்றியதன் விளைவு. கெட்ட பகுதியை அகற்றி, எஞ்சியதைப் புதிய மண்ணில் வைத்து, மூடியைத் திறந்து விடுதல் வேண்டும்.

4. தண்டுகள் வெளிறி, நீண்டு, இலைகள் இடைவிட்டு நின்று, செடி ஒரு பக்கமாகச் சாயுமாயின், ஒளி போதவில்லை. பாத்திரத்தைப் படிப்படியாக வெளிச்சமுள்ள இடத்திற்கு மாற்றலாம். ஒரே நாளில் வெயிலுக்குக் கொண்டுசெல்லல் ஆகாது.

5. ஈரமாக இருக்கும்போதே மெத்தை முழுவதும் மஞ்சளாயின், வெப்ப மிகுதியை ஐயுற வேண்டும். உலர்ந்த மாஸ் தாங்கும் வெப்பத்தை நனைந்த மாஸ் தாங்காது. குளிர்ந்த மலைப் பகுதியிலிருந்து சமவெளிக்குக் கொணர்ந்தவற்றில் இக்குறி விரைவில் தோன்றும்.

6. பஞ்சு போன்ற வெள்ளிழைகள் பூசணத்தையும், வழவழப்பான பச்சைப் படலம் ஆல்காவின் பெருக்கத்தையும் காட்டும். இரண்டும் ஈர மிகுதியைச் சுட்டும். முன்னதை இடுக்கியால் அகற்றலாம். பின்னதற்கு நீரைக் குறைத்தலே வழி.

இயல்பான மாற்றங்களை நோயெனக் கருதுதல் கூடாது. ஸ்போர்கள் முதிரும்போது அவற்றைத் தாங்கும் காம்பும் உறையும் பழுப்பாதல் இயற்கை. தண்டின் அடிப்பகுதி முதுமையால் பழுப்பாவதும் அவ்வாறே. நகரச் சுவர்களில் வளரும் பிரையம் அர்ஜென்டியம் என்னும் இனத்தின் இலை நுனிகளில் பச்சையம் இல்லை. ஆதலின் அது உலர்ந்த நிலையில் வெள்ளிபோல் மின்னும்.

உயிரை அறியும் சோதனை

நிறத்தைக் கொண்டு மட்டும் உயிரைத் துணிய முடியாது. இறந்த இலையிலும் பசுமை சில காலம் எஞ்சும். நுண்பெருக்கி உள்ள பள்ளிகளில் ஓர் எளிய சோதனை செய்யலாம். ஓர் இலையைப் பறித்து, நீர்த்துளியில் வைத்து நோக்குக. பின்னர் 100 மில்லிலிட்டர் நீரில் 5 கிராம் கறியுப்பைக் கரைத்த கரைசலை அதன்மேல் விடுக. உயிரணு வாழுமாயின், உள்ளிருக்கும் உயிர்ப்பொருள் சுருங்கிச் சுவரினின்று விலகும். உப்பை நீரால் அகற்றின் மீண்டும் விரியும். இறந்த உயிரணுவில் இச்சுருக்கம் நிகழாது. இலை ஓரடுக்கே ஆதலின் இதனைக் காணச் சீவல் எடுக்கவும் வேண்டுவதில்லை. செடியின் நிலையை அறியச் செய்யும் இச்சோதனையே மாணவருக்குச் சவ்வூடு பரவலைக் கற்பிக்கும் பாடமும் ஆகும்.

கோடை விடுமுறையில்

ஆள் நடமாட்டமற்ற அறையில், மூடிய பாத்திரத்தில் ஈர மாஸை விட்டுச் செல்வது அதனை இழப்பதற்கு ஒப்பாகும். சுவர் மாஸ்களை நிழலில் மெல்ல உலர்த்தி, காகித உறையில் இட்டு, வறண்ட இடத்தில் வைக்கலாம். உறையின்மேல் இடமும் நாளும் குறித்தல் வேண்டும். பள்ளி திறந்ததும் மழைநீரில் நனைத்தால் பெரும்பகுதி மீண்டும் பசுமை பெறும். பசுமை பெறாத பகுதியை மேற்கூறிய சோதனையால் அறிந்து நீக்கலாம்.

சேகரிப்போர் கவனத்திற்கு

மாஸ் மெல்ல வளரும் செடி. பாறையினின்று முழு மெத்தையையும் உரித்தெடுத்தால் அவ்விடம் நெடுங்காலம் வெறுமையாகிவிடும். அதனடியில் தங்கிய ஈரமும் மண்ணும் போய்விடும். இமயமலைக் காடுகளில் வாணிபத்திற்காக மாஸ் பெருமளவில் திரட்டப்பட்டு வந்துள்ளது. இத்தாவரங்களைக் காக்கும் நோக்குடன் உத்தரகாண்டில் நைனித்தால் அருகிலுள்ள குர்ப்பத்தாலில் 2020-ஆம் ஆண்டில் ஒரு மாஸ் தோட்டம் திறக்கப்பட்டது. களப் பணியாளர், உரிய அனுமதி பெற்று, பெரிய மெத்தையின் ஓரத்திலிருந்து உள்ளங்கை அளவே எடுத்தல் வேண்டும். வகுப்பு ஒன்றிற்கு அதுவே போதும். பள்ளிச் சுவரிலேயே கிடைப்பதை மலையிலிருந்து கொணர வேண்டியதில்லை. அறையில் நன்கு வாழ்வதும் அவ்வூரின் வெப்பத்திற்குப் பழகிய அந்த மாஸே ஆகும்.