பேஸ் கிற்றார்த் தந்திகளைப் பேணல்

மாணவர்களே, துருப்பிடித்தல், ஒலி ஆகிய இரு பாடங்களையும் நீங்கள் தனித்தனியே கற்றிருப்பீர்கள். இவ்விரண்டும் ஒன்றுசேரும் ஓர் உதாரணம் பேஸ் கிற்றாரின் தந்தியாகும். பாடசாலை வாத்தியக் குழுவிலோ தேவாலயப் பாடகர் குழுவிலோ அதை வாசிப்போருக்கு இது செலவு பற்றிய விடயமுமாகும். தந்தித் தொகுதி விலை கூடியது. பேஸ் தந்திகள் அறுவது அரிது; ஒலி மங்கிவிடுவதனாலேயே பெரும்பாலும் மாற்றப்படுகின்றன. சிறிது கவனம் இருந்தால் இதைப் பெருமளவு தாமதப்படுத்தலாம்.

தந்தியின் அமைப்பு

நடுவில் உருக்குக் கம்பி ஒன்று இருக்கும். அதன்மீது நிக்கல் முலாமிட்ட உருக்குக் கம்பி அல்லது கறையில் உருக்குக் கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். ஈர்த்த இழையொன்றின் மீடிறன் அதன் நீளம், இழுவை, அலகு நீளத்தின் திணிவு ஆகியவற்றில் தங்கியுள்ளது. கம்பி சுற்றுவதனால் தந்தி அதிகம் விறைப்படையாமல் திணிவு கூடுகிறது. ஆகவே மீடிறன் குறைகிறது. நான்கு தந்திகளுள் மிகத் தடித்தது ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸிலும், மிக மெல்லியது 98 ஹேர்ட்ஸிலும் அதிரும்.

ஒலி மங்குவது ஏன்?

1. விரல்களிலுள்ள வியர்வை, எண்ணெய், இறந்த தோற்கலங்கள் ஆகியன சுற்றுகளின் இடைவெளிகளில் படிகின்றன. இதனால் மேற்றொனிகள் விரைவில் அடங்கி, ஒலியின் பண்பு மாறுகிறது. அழுக்கு சீரின்றிப் படிந்தால் திணிவும் இடத்துக்கிடம் வேறுபடும். அப்போது திறந்த தந்தி சரியாக ஒலித்தாலும், விரலால் அழுத்தும்போது சுருதி பிசகும்.

2. துருப்பிடிப்பதற்கு நீரும் ஒட்சிசனும் தேவை. வியர்வையிலுள்ள சோடியங் குளோரைட்டு அதைத் துரிதப்படுத்தும். நிக்கல் முலாம் தேய்ந்த இடத்தில் இரும்பு வெளிப்படும். தாக்குவீதத் தொடரில் நிக்கல் இரும்புக்குக் கீழே இருப்பதால், அவ்விடத்தில் இரும்பு மேலும் விரைவாக அரிக்கப்படும்.

கண்டியின் காலநிலை

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ அமைந்துள்ளது. தென்மேற்குப் பருவக்காற்றும் மழை தருகிறது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை மிக அதிகமாகும். பேராதனை, கட்டுகஸ்தோட்டை, ஹந்தானை முதலிய இடங்களிலும் வளி ஈரப்பதன் மிக்கதாகும். குளிர்ந்த இரவில் வெளியே இருந்த கிற்றாரை ஆட்கள் நிறைந்த மண்டபத்துக்குக் கொண்டுவந்தால், குளிர்ந்த தந்திகளின்மீது நீராவி ஒடுங்கலாம்.

பேணும் முறைகள்

1. வாசிக்கும் முன்னர் கைகளைக் கழுவி உலர்த்துக.
2. வாசித்த பின்னர் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும், அதன் அடிப்பக்கம் உட்பட, துடைக்குக. மிகப் பயனுள்ள முறை இதுவேயாகும்.
3. கிற்றாரை உறையிலிட்டு, உள்ளே சிலிக்கா ஜெல் பொதியொன்றை வைக்குக. ஆணிப் பரிசோதனையில் நீரற்ற கல்சியங் குளோரைட்டு செய்த வேலையையே இது செய்யும். கிற்றாரை ஈரச் சுவரருகே வைக்கலாகாது.
4. தேங்காயெண்ணெய் பூசலாகாது. ஆணிப் பரிசோதனையில் எண்ணெய்ப் படை வளியைத் தடுத்தது உண்மை. ஆனால் தந்தியில் அது அழுக்கைப் பிடித்துவைத்து ஒலியை மங்கச் செய்யும்.
5. மங்கிய தந்திகளைக் கழற்றி, சில நிமிடங்கள் நீரிற் கொதிக்கவைத்தால் அழுக்கு நீங்கி ஒலி ஓரளவு மீளும். எனினும் இடைவெளிகளில் நீர் தங்கினால் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். எனவே முற்றாக உலர்த்திய பின்னரே பூட்டுக. இப்பயன் நெடுநாள் நீடிக்காது. துரு அரித்த உலோகமும் மீளாது.

பயிற்சி வினாக்கள்

1. துருப்பிடித்தலுக்கு அவசியமான இரு காரணிகளையும் எழுதுக.
2. தந்தியைத் துடைப்பதனால் அகற்றப்படும், துருப்பிடித்தலைத் துரிதப்படுத்தும் சேர்வை யாது?
3. சில தந்திகளுக்கு மெல்லிய பல்பகுதியப் படை பூசப்பட்டிருக்கும். அவை நீண்டகாலம் பழுதுறாதிருப்பதற்கு இரு காரணங்கள் தருக.