எண்ணெய் காணாத சங்கிலி

குடகிலும் சிக்கமகளூரிலும் உள்ள காப்பித் தோட்டங்களில், தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் நிழல் மரங்களின் கிளைகளைக் கழிக்கும் வேலை மும்முரமாக நடைபெறும். ஜூன் மாதத்தில் மழை பிடித்துவிட்டால், காற்றில் சாய்ந்த மரங்களை அறுத்து வழியைத் திறக்கும் வேலையும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். முன்னாளில் கோடரியும், இருவர் இழுக்கும் வாளும் செய்துவந்த இவ்வேலைகளை இன்று பெரும்பாலும் சங்கிலி வாள் செய்துவிடுகிறது. இத்தோட்டங்களிலும் கேரளத்து மலைத் தோட்டங்களிலும் உழைத்து வாழும் நம்மவர் பலருக்கு இப்பொறி நன்கு பழக்கமானதே. அதன் சங்கிலிக்கு எண்ணெய் சரிவரச் செல்கிறதா என்று அறிவது எவ்வாறு, செல்லாவிடில் குறையை எங்கே தேடுவது என்பவற்றை இங்கு விளக்க விரும்புகிறோம்.

1926 ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டுப் பொறியாளர் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி வாளை அமைத்தார். 1929 இல் பெட்ரோலால் இயங்குவதும் வந்தது. அவை இருவர் சேர்ந்து பிடிக்கவேண்டிய பளுவான பொறிகள். இன்று ஒருவரே கையில் ஏந்தி அறுக்கிறார். ஆயினும் அடிப்படை மாறவில்லை. பணியிடத்தில் ‘பார்’ என்று வழங்கும் நீண்ட இரும்புத் தகட்டின் விளிம்பைச் சுற்றி ஒரு காடி ஓடுகிறது. சங்கிலியின் அடிப்பற்கள் அக்காடிக்குள் இறங்கி ஓட, மேற்பற்கள் மரத்தை அறுக்கின்றன.

முழு வேகத்தில் இச்சங்கிலி வினாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் செல்லும். அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். ஓடும் வண்டிக்குச் சக்கரம் உண்டு. சங்கிலிக்கோ சக்கரம் இல்லை. எஃகின்மேல் எஃகு வழுக்கிச் செல்கிறது. இடையே நிற்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே இரண்டையும் காக்கிறது. அப்படலம் அற்றுப்போனால் உராய்வினால் சூடு மிகும். சங்கிலி நீண்டு தளரும். பாரின் விளிம்புகள் தேய்ந்து பிசிர் எழும். தளர்ந்த சங்கிலி காடியைவிட்டுத் தாவலாம். அறுந்து இயக்குபவர் பக்கமே வீசப்படவும் கூடும். கூலிக்கு உழைப்பவர்க்கு இது கைகால்களைப் பற்றிய செய்தி. பொறி வாடகைக்கு எடுத்ததானால், பழுதின் செலவும் அவர் தலையிலேயே விழலாம்.

எண்ணெய் செல்லும் வழியை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பொறியின் உடலில் இரண்டு தொட்டிகள் உள்ளன. ஒன்று எரிபொருளுக்கு, மற்றொன்று சங்கிலி எண்ணெய்க்கு. கையேடு நாம் அறியாத மொழியில் இருப்பினும் கவலையில்லை. எரிபொருள் மூடியருகே பெட்ரோல் பம்பின் படமும், எண்ணெய் மூடியருகே சங்கிலியும் ஒரு துளியும் சேர்ந்த படமும் பொதுவாகக் காணப்படும். எண்ணெய்த் தொட்டிக்குள் ஒரு சிறு வடிகட்டி கிடக்கிறது. அதிலிருந்து குழாய் வழியாகப் பம்பு எண்ணெயை இழுத்து, பார் பொருந்தும் இடத்திலுள்ள ஒரு துளை வழியே வெளிவிடுகிறது. பாரில் அதற்கு நேரே உள்ள துளை அந்த எண்ணெயை வாங்கிக் காடிக்குள் சேர்க்கிறது. பின்னர்ச் சங்கிலியின் அடிப்பற்கள் அதனை நுனிவரை எடுத்துச் செல்கின்றன. பாட்டரியால் இயங்கும் பொறிகளுக்கும் சங்கிலி எண்ணெய் தேவையே.

குறை நேரும்போது பொறி முன்னறிவிப்புக் கொடுத்தே தீரும். அறுக்கையில் பாரிலிருந்து புகை எழும். பாரின் விளிம்பு நீலம் பாரிக்கும். சங்கிலி உலர்ந்து தோன்றும். எத்துணை இறுக்கினும் மீண்டும் மீண்டும் தளரும். ஆனால் மழுங்கிய சங்கிலியும் புகையை உண்டாக்கும் என்பதை மறத்தல் ஆகாது. இரண்டையும் பிரித்தறிய மரத்தூளைப் பார்த்தால் போதும். தூள் மாவுபோல் விழுந்தால் பற்கள் மழுங்கியுள்ளன. அரம் போட வேண்டும். சீவல் சீவலாக விழுந்தும் பார் புகைந்தால் எண்ணெய்க் குறைவையே ஐயுற வேண்டும்.

இன்னும் எளிய அளவுகோல் ஒன்று உண்டு. எரிபொருள் தீரும் வேளையில் எண்ணெயும் பெரும்பகுதி தீர்ந்திருக்குமாறே தொட்டிகளை அமைத்திருக்கிறார்கள். எரிபொருள் தீர்ந்தும் எண்ணெய் பாதிக்குமேல் நின்றால், அது சங்கிலியைச் சென்றடையவில்லை என்று பொருள். எண்ணெய் முந்தித் தீர்ந்துவிட்டால், எஞ்சிய நேரமெல்லாம் சங்கிலி உலர்ந்தே ஓடியது என்று பொருள். ஆதலால் எரிபொருள் நிரப்பும்போதெல்லாம் எண்ணெயையும் நிரப்புவது வழக்கமாக வேண்டும்.

ஐயம் எழுந்தால் இவ்வாறு சோதிக்கலாம். புதிதாக அறுத்த அடிமரத்தின் வெளிர்நிற முகப்புக்கோ, தரையில் விரித்த காகிதத்துக்கோ மேலே ஒரு சாண் உயரத்தில் பாரின் நுனியைப் பிடித்து, மிதமான வேகத்தில் சிறிது நேரம் ஓட்டவேண்டும். சங்கிலி எதன்மேலும் படலாகாது. சற்று நேரத்தில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழுந்தால் எண்ணெய் செல்கிறது. விழாவிடில், என்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கின் மூடியைக் கழற்றி வைத்து, கையுறை அணிந்த பின்னரே சங்கிலியைத் தொடவேண்டும். பாட்டரிப் பொறியாயின் பாட்டரியைக் கழற்றிவிட வேண்டும்.

குறையைத் தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு. பலர் எடுத்த எடுப்பிலேயே பம்பைப் பழிப்பர். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி மரத்தூளே. எண்ணெயுடன் கலந்த தூள் களிம்புபோல் இறுகி வழியை அடைத்துவிடுகிறது. முதலில் பாரைக் கழற்றி, அதன் துளையை மெல்லிய கம்பியால் குத்தித் திறக்கவேண்டும். காடி முழுவதையும் தட்டையான கருவியால் சுரண்டவேண்டும். பொறியின் பக்கத்திலுள்ள துளையையும் துடைக்கவேண்டும். மீண்டும் பூட்டும்போது பாரைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டினால் இருபுறமும் ஒருசீராகத் தேயும். சங்கிலியை அளவுக்கு மீறி இறுக்குதல் கூடாது. அடியில் தொங்காமலும், கையால் இழுத்தால் எளிதில் நகருமாறும் இருத்தல் வேண்டும். மிக இறுகிய சங்கிலி எண்ணெய் இருந்தும் சூடேறும்.

இவ்வளவும் செய்து பயன் காணாவிடில் தொட்டியை நோக்கவேண்டும். எண்ணெய் வெளியேறும் அளவுக்கு உள்ளே காற்றுப் புகவேண்டும். அதற்கான சிறு வழி அடைபட்டால் எண்ணெய் நின்றுவிடும். சிறிது நேரம் ஓட்டி நிறுத்தியபின் மூடியை மெல்லத் திறக்கையில் காற்றை உறிஞ்சும் ஓசை கேட்டால், குறை அங்கேதான். ஓசை இல்லையேல், வளைத்த கம்பியால் வடிகட்டியை வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் அலசி உலர்த்தவேண்டும். மிகவும் அடைத்திருந்தால் புதிது மாற்றவேண்டும். குழாயில் வெடிப்பு உண்டா என்றும் பார்க்கவேண்டும். எண்ணெயின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் சில பொறிகளின் அடிப்புறத்தில் ஒரு திருகு உண்டு. அது குறைந்த அளவில் நிற்கிறதா என்று காண்பதும் நன்று. இவற்றுக்குப் பின்னும் எண்ணெய் வராவிடிலே பம்பின் முறை வருகிறது. அதனை ஓட்டும் பற்சக்கரம் தேய்ந்திருக்கலாம். சங்கிலித் தடையை விடுவிக்காமல் வேகத்தை அழுத்துவதால் கிளட்ச் சூடேறி, சில பொறிகளில் அப்பற்சக்கரம் உருகிவிடுவதும் உண்டு. இது மெக்கானிக்கின் வேலை. முன் சொன்னவற்றையெல்லாம் பார்த்தாயிற்று என்று அவரிடம் சொன்னால், காலமும் காசும் மிஞ்சும்.

எந்த எண்ணெயை ஊற்றுவது? சங்கிலிக்கென விற்கும் எண்ணெயில் பிசுக்குத்தன்மை உண்டு. பாரின் நுனியில் திரும்புகையில் அது எளிதில் சிதறாது. ஒர்க் ஷாப்பில் கிடைக்கும் பழைய கரி ஆயில் மலிவானதுதான். ஆனால் அதில் உலோகத் துகள்கள் உள்ளன. அவை பம்பையும் காடியையும் அரிக்கும். தோலில் தொடர்ந்து படுவது உடலுக்குக் கேடு. சமையல் எண்ணெயை ஊற்றலாமே என்பாரும் உண்டு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கீழே உறையத் தொடங்கும். மலைப்பகுதிக் காலைக் குளிரில் அது குழாயிலேயே கட்டியாகிவிடும். வேறு தாவர எண்ணெய்களும் நெடுநாள் நின்றால் பிசினாக இறுகும். சங்கிலிக்கென்றே பக்குவப்படுத்திய தாவர எண்ணெய்கள் ஐரோப்பிய நாடுகளில் புழங்குகின்றன, அவை வேறு.

இரவு வைத்த பொறியின் அடியில் காலையில் சிறிது எண்ணெய் தேங்கியிருந்தால் அஞ்சவேண்டுவதில்லை. பாரிலும் காடியிலும் எஞ்சியது வடிந்திருக்கும். தொட்டி வெயிலில் சூடேறினாலும் சற்றுக் கசியும். தொட்டியே வற்றிப்போனால்தான் குழாயையும் மூடியையும் ஆராயவேண்டும்.

மழைக்காலத்தில் மூடியைத் திறக்குமுன் அதனைச் சுற்றியுள்ள தூளையும் நீரையும் துடைத்துவிட வேண்டும். நாள்தோறும் வேலை முடிந்ததும் காடியையும் துளையையும் துடைத்து வைக்க வேண்டும். இவ்விரண்டு பழக்கங்களும் இருப்பின், மேலே கூறிய குறைகளுள் பல தலைகாட்டா. இதற்குச் செல்லும் நேரம் சில நிமிடங்களே. அந்நிமிடங்கள் பொறியின் ஆயுளை நீட்டும். அதனைக் கையில் ஏந்துபவர் மாலையில் நலமாக வீடு திரும்பவும் துணை நிற்கும்.