ஒரு கம்பி, மூன்று உணரிகள்

பெரும்பாலான தடுப்பூசி மருந்துகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் காக்கப்பட வேண்டியவை. குளிர்பெட்டியின் மூன்று தட்டுகளிலும் டிஎஸ்18பி20 என்னும் வெப்ப உணரிகளைப் பொருத்தி, அவற்றின் தரவு முனைகளை ஒரே கம்பியால் நுண்கட்டுப்படுத்தியுடன் இணைக்கலாம். உணரிகள் அக்கம்பியின் மின்னழுத்தத்தைத் தாழ்த்த மட்டுமே வல்லவை. மீண்டும் உயர்த்துவதற்கு, கம்பிக்கும் மின்வழங்கியின் நேர்முனைக்கும் இடையே 4.7 கிலோ ஓம் மின்தடை தேவை.

மூன்றும் ஒருசேர விடையளித்தால் செய்தி சிதையும். ஆகவே, ஒவ்வோர் உணரியிலும் தனித்த 64 பிட் எண் தொழிற்சாலையிலேயே பதிக்கப்படுகிறது. நுண்கட்டுப்படுத்தி அவ்வெண்ணால் அழைக்க, அதற்குரிய உணரி மட்டும் மறுமொழி தரும். ஏனையவை அமைதி காக்கும்.

எனினும், தான் எந்தத் தட்டில் உள்ளது என்பதை உணரி அறியாது. பொருத்துமுன் ஒவ்வொன்றாக இணைத்து, எண்ணைக் குறித்து, அடையாளமிடுதல் வேண்டும். அக்குறிப்புப் பிழையாயின், அளவீடு சரியாக இருந்தும், கெடும் மருந்து நல்லதென்றே கருதப்படும்.