ஒலிபெருக்கிக்கும் ஒரு புத்தூர்க் கட்டு

சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் வழியிலுள்ள புத்தூர் என்றதும், முறிந்த எலும்புக்குப் பச்சிலை வைத்துக் கட்டும் வைத்தியமே நம்மவர் நினைவுக்கு வரும். விடுமுறையில் தாயகம் வந்திருந்த நாம், சென்ற ஆண்டு அவ்வூரைக் கடக்கையில், காரிலிருந்த சப்வூபர் கரகரத்து ஓய்ந்தது. தீய்ந்த வாடையும் வீசிற்று. பிள்ளைகள் ஒலியை அளவின்றி முடுக்கியதன் பலன்!

புதிது வாங்கும் எண்ணத்தோடுதான் கடைத்தெருவில் இறங்கினோம். பழுதுபார்க்கும் அன்பரோ மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். 4 ஓம் சுருள் பழுதின்றி இருப்பின் 3 ஓமுக்குச் சற்று மேலாகக் காட்டும். இது ஒன்றுமே காட்டவில்லை. சுருள் எரிந்து அறுந்திருந்தது. ஆம்பிளிபயரை அதன் ஆற்றலுக்கு மீறி ஓட்டினால் அலையின் முகடுகள் வெட்டுண்டு, சுருள் சூடேறுமாம். காந்தமும் இரும்புச் சட்டமும் நன்றாயிருந்தமையால், எறிவதற்கு அவர் உடன்படவில்லை.

பசையை இளக்கிக் கூம்பைப் பிரித்தார். காந்த இடுக்கிலிருந்த கரியையும் இரும்புத் துகளையும் ஒட்டுநாடாவால் ஒற்றியெடுத்தார். புதுச் சுருளை இறக்கி, அது எப்பக்கமும் உரசாதிருக்க மெல்லிய பிலிம் துண்டுகளைச் சுற்றிலும் செருகினார். மயிரிழை பிசகினும் கரகரப்பு நீங்காது. பின்னர்ப் புதுக் கூம்பு, பசை, பற்றவைப்பு.

"ஒரு நாள் அசையாமல் கிடக்கவேண்டும், ஐயா, கட்டுப்போட்ட கால் போலத்தான்" என்றார்.

மறுநாள் மலையிறங்கித் திரும்புகையில் பெற்றுக்கொண்டோம். பிலிமை உருவி, நடுமூடியை ஒட்டி, ஆம்பிளிபயரின் கெயினையும் வெகுவாகக் குறைத்த பின்னரே இணைத்துக் கொடுத்தார். பிள்ளைகளுக்கு அதில் மட்டும் மனக்குறை.