பிதிரார்ஜிதத்தில் மகளின் பங்கு

சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்றும், ஆண் பெண் என்ற காரணம் பற்றி அரசு பேதம் பாராட்டலாகாது என்றும் நமது அரசியல் சாசனம் 1950-இலேயே பிரகடனம் செய்துவிட்டபோதிலும், பிதிரார்ஜித நிலத்தில் மகனுக்குப் பிறப்பினாலேயே உண்டாகும் பாத்தியதை மகளுக்கும் அவ்வண்ணமே உண்டு என்று தேசம் முழுமைக்கும் விதிக்க மேலும் ஐம்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன.

1956-ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டம் மகளையும் வாரிசாக ஏற்றது உண்மையே. ஆனால் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமையை ஆண்மக்களுக்கே விட்டுவைத்தது. மனைவியை முன்பே இழந்த ஒருவர், பன்னிரண்டு ஏக்கர் பூர்வீக நிலத்தோடு ஒரு மகனையும் ஒரு மகளையும் விட்டு, உயில் எழுதாமல் காலமானால், அதில் ஆறு ஏக்கர் முதலிலேயே மகனுடையதாகிவிடும். தகப்பனாருக்குரிய எஞ்சிய ஆறு மட்டுமே இருவருக்கும் சரிபாதியாகும். முடிவில் அவனுக்கு ஒன்பது, அவளுக்கு மூன்று.

பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டுமென்று 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு நிறைவேற்றிய தீர்மானம், அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1989-இல் கருணாநிதியின் அரசு கொண்டுவந்த திருத்தத்தால் தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. எனினும் அவ்வாண்டு மார்ச் 25-க்கு முன் விவாகமானவர்களை அது விலக்கியதால், ஒரே வீட்டில் இளையவள் பங்காளியாக, மூத்தவள் வெளியே நிற்க நேர்ந்தது. இதைவிடக் கொடிய பேதம் சகோதரிகளுக்குள் வேறு என்ன இருக்க முடியும்? 2005 செப்டம்பர் 9 அன்று அமுலுக்கு வந்த மத்தியச் சட்டம் அவ்விலக்கைப் போக்கியது. அன்று தகப்பனார் உயிரோடிருந்திருக்க வேண்டுமா என்ற வழக்கும் நெடுங்காலம் நடந்து, வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி பதிவான பாகப்பிரிவினைகளும், நீதிமன்றத் தீர்ப்பின்படி நடந்தவைகளும் மட்டும் கலைக்கப்படமாட்டா.

இத்தனையும் கடந்து கிடைத்த உரிமை, சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு கையெழுத்தில் போய்விடுகிறது. சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று, பிறந்த வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டாமா என்ற பேச்சுக்குக் கட்டுப்பட்டு, வாசித்தும் பாராமல் விடுதலைப் பத்திரத்தில் பெருவிரல் ரேகை வைக்கும் பெண்கள் இன்றும் உள்ளனர். மனமுவந்து கொடுப்பது அவரவர் சுதந்திரம். ஆனால் பத்திரம் பதிவான பிறகு அதைத் தாமாக ரத்து செய்துவிட முடியாது, நீதிமன்றத்தையே நாட வேண்டியிருக்கும் என்பதையும், விட்டுக்கொடுக்கும் பங்கின் இன்றைய மதிப்பையும், ரேகை வைக்குமுன் பத்திரம் எழுதுபவராவது அவர்களுக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.