அகதிகளின் உயிர் காத்த உப்பு நீர்!

1971-ம் ஆண்டு, ஜூன் மாதம்.

மேற்கு வங்காளத்தில் எல்லை ஓரமாக இருக்கும் ஊர், பங்கான். அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. வாந்திபேதி கண்டவர்களுக்காக அதில் 2 அறைகள் இருந்தன. மொத்தம் 16 படுக்கைகள்.

ஆனால் வந்து விழுந்த நோயாளிகளோ நூற்றுக்கணக்கானவர்கள்!

படுக்கையில் இடம் இல்லை. தரையிலும் இடம் இல்லை. வாந்தியும் பேதியும் கலந்து கிடந்த தரையில் மண்டியிட்டுத்தான் டாக்டர்கள் வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தது.

யார் இந்த நோயாளிகள்? இவ்வளவு பேர் எங்கிருந்து வந்தார்கள்?

ஒரு கோடி அகதிகள்

இன்றைய வங்காள தேசம் அப்போது கிழக்கு பாகிஸ்தான் என்ற பெயரில் இருந்தது. 1971 மார்ச் 25-ந் தேதி இரவு, பாகிஸ்தான் ராணுவம் அங்குள்ள மக்கள் மீது பாய்ந்தது. கிராமங்கள் எரிந்தன. மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தியாவுக்கு ஓடி வந்தார்கள்.

அந்த ஆண்டு முடிவதற்குள் வந்து சேர்ந்தவர்கள் சுமார் ஒரு கோடி பேர்! பங்கான் பகுதி முகாம்களில் மட்டும் 3½ லட்சம் பேர் தங்கி இருந்தார்கள்.

மழை கொட்டியது. எங்கும் சேறு. குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. முகாம்களில் "காலரா" என்னும் வாந்திபேதி பரவியது.

துப்பாக்கிக் குண்டுக்குத் தப்பி வந்தவர்களை நோய் விடவில்லை. நோய் கண்டவர்களில் 100-க்கு 30 பேர் வரை செத்து மடிந்தார்கள்.

தீர்ந்து போன பாட்டில்கள்

வாந்திபேதியில் ஆளைக் கொல்வது எது? உடம்பில் உள்ள தண்ணீரும் உப்பும் வெளியே போய்விடுவதுதான். காலையில் நன்றாக இருந்தவர், மாலையில் பிணமாகிவிடுவதும் உண்டு.

இதற்கு டாக்டர்கள் நம்பிய வைத்தியம் ஒன்றுதான். ஊசி குத்தி, ரத்தக் குழாய் வழியாக உப்பு நீரை ஏற்ற வேண்டும். அதற்குச் சுத்தமான பாட்டில் வேண்டும். ஊசி வேண்டும். பழகிய கை வேண்டும்.

பங்கானுக்கு வைத்தியம் செய்ய வந்தவர் டாக்டர் திலீப் மகலனாபிஸ். குழந்தை வைத்திய நிபுணர். கல்கத்தாவில் இருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்.

வந்த 2 நாளிலேயே அவருக்கு உண்மை புரிந்துவிட்டது. பாட்டில்கள் தீர்ந்து கொண்டிருந்தன. அவருடைய குழுவில் ஊசி ஏற்றத் தெரிந்தவர்கள் 2 பேர்தான். இப்படியே போனால் தோல்வி நிச்சயம்!

என்ன செய்வது?

துணிந்தார் டாக்டர்

உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாயால் குடிக்கக் கொடுத்தால், இழந்த தண்ணீரை ஈடு செய்யலாம். இதை டாக்காவிலும் கல்கத்தாவிலும் 1960-களிலேயே ஆராய்ச்சியாளர்கள் கண்டிருந்தார்கள்.

வாந்திபேதி வந்தால் குடல், வெறும் உப்பு நீரைச் சரியாக ஏற்காது. சர்க்கரை சேர்ந்தால் ஏற்கும். சர்க்கரை, உப்பைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்கிறது. உப்பின் பின்னால் தண்ணீரும் போகிறது!

ஆனால் இந்தச் சோதனைகள் எல்லாம் பெரிய ஆஸ்பத்திரிகளில், டாக்டர்களின் கண்காணிப்பில் நடந்தவை. முகாமில், பழக்கம் இல்லாதவர்கள் கையில் இதைக் கொடுக்கலாமா? பல டாக்டர்களுக்கு இதில் நம்பிக்கை இல்லை.

டாக்டர் மகலனாபிஸ் துணிந்து இறங்கினார். அவருக்கு வேறு வழியும் இல்லை.

லிட்டர் 11 பைசா!

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுகோஸ், 3½ கிராம் சமையல் உப்பு, 2½ கிராம் ஆப்பச் சோடா. மருந்து இவ்வளவுதான்.

கல்கத்தா ஆராய்ச்சி நிலையத்தின் நூலக அறையே மருந்துக் கூடமாக மாறியது. அங்கே பொடியை நிறுத்து, பிளாஸ்டிக் பைகளில் போட்டார்கள். சூடான இஸ்திரிப் பெட்டியைக் கொண்டு பைகளின் வாயை ஒட்டினார்கள். ஒரு லிட்டர் மருந்துக்கு ஆன செலவு 11 பைசா!

முகாமில் அந்தப் பொடியை டிரம்களில் கரைத்தார்கள். நோயாளியின் தாயோ உறவினரோ குவளையைக் கொண்டு வந்து, டிரம் குழாயைத் திறந்து பிடித்துக் கொண்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, நோயாளிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார்கள்.

நாடி விழுந்து, மயங்கிக் கிடந்தவர்களுக்கு மட்டும் முதலில் ஊசி மூலம் ஏற்றினார்கள். அவர்களும் தெளிந்த பிறகு, குவளை நீர்தான்.

பலன்? சுமார் 8 வாரங்களில் 3 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த வைத்தியம் பெற்றார்கள். சாவு, 100-க்கு 4 பேருக்கும் கீழே இறங்கியது!

தாயே டாக்டர்

இந்த விவரத்தை டாக்டர் மகலனாபிஸ் 1973-ல் மருத்துவ இதழில் எழுதி வெளியிட்டார். உலக சுகாதார நிறுவனம் 1978-ல் இந்த முறையை உலகம் எங்கும் பரப்பும் வேலையைத் தொடங்கியது. இதனால் பிழைத்தவர்கள் 5 கோடிக்கும் அதிகம் என்று கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள்.

அகதிகள் தப்பி வந்த அந்த வங்காள தேசத்திலும் 1980-களில் ஓர் அதிசயம் நடந்தது. "பிராக்" என்ற தொண்டு நிறுவனத்தின் பெண்கள் வீடு வீடாகப் போனார்கள். உப்பையும் வெல்லத்தையும் நீரில் கரைக்கத் தாய்மார்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அந்தப் பாடம் போய்ச் சேர்ந்தது.

டாக்டர் மகலனாபிஸ் 2022-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி, 87-வது வயதில் கல்கத்தாவில் காலமானார். மறு ஆண்டு, இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்தது. அதை வாங்க அவர் இல்லை.

இன்று மருந்துக் கடையில் "ஓ.ஆர்.எஸ்." என்று கேட்டால் கிடைக்கும் பொட்டலம், அந்த முகாம் மருந்தின் வாரிசுதான். கலவை மட்டும் பிறகு சிறிது மாற்றப்பட்டிருக்கிறது.

பொட்டலம் கிடைக்காத நேரத்தில், காய்ச்சி ஆற வைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு கரைத்துக் கொடுக்கலாம். கரண்டியில் குவித்து எடுக்கக் கூடாது. தலை தட்டி எடுக்க வேண்டும். உப்பு கூடினால் ஆபத்து. குழந்தை சோர்ந்து கண் செருகினால், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

வீடு இழந்து, ஊர் இழந்து வந்த மக்களிடம் அன்று மிஞ்சி இருந்தவை ஒரு குவளையும், அதைப் பிடிக்க ஒரு கையும்தான். அந்தக் கையை நம்பினார் ஒரு டாக்டர். அது உயிரைக் காத்தது!