உங்களுக்குத் தெரியுமா? விண்வெளிக்குத் தேர்வான சென்னைச் சோதனை விமானி

மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்திற்குத் தேர்வான நால்வரில் ஒருவரான குரூப் கேப்டன் அஜித் கிருஷ்ணன், 1982 ஏப்ரல் 19 அன்று சென்னையில் பிறந்தவர். விமானப்படைக் கழகத்தில் குடியரசுத் தலைவரின் தங்கப்பதக்கத்தையும் மரியாதை வாளையும் பெற்று, 2003 ஜூன் 21 அன்று போர் விமானப் பிரிவில் அதிகாரியான இவர், மிக்-21, மிக்-29, சுகோய்-30, ஜாகுவார் முதலிய விமானங்களில் ஏறத்தாழ 2,900 மணிநேரம் பறந்தவர் என்று 2024 பிப்ரவரியில் இவரது பெயர் அறிவிக்கப்பட்டபோது தெரிவிக்கப்பட்டது.

நால்வருமே சோதனை விமானிகள் என்பது தற்செயலன்று. புதிய அல்லது மாற்றியமைக்கப்பட்ட விமானத்தை, வேகம், உயரம், திருப்பம் ஆகியவற்றின் எல்லைவரை படிப்படியாகக் கொண்டுசென்று, அங்கே அது எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பொறியாளர்களுக்குத் துல்லியமாக எடுத்துரைப்பவரே சோதனை விமானி. ஆபத்தின் நடுவிலும் நிதானமாக அளந்து பார்க்கும் அந்தப் பழக்கமே, எவரும் இதற்குமுன் பறந்திராத கலத்தில் ஏறுபவருக்கு முதன்மையான தகுதி. நிலவில் முதலில் கால்பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங்கும் சோதனை விமானியாக இருந்தவரே.

2020 பிப்ரவரி முதல் 2021 மார்ச் வரை நால்வரும் ரஷ்யாவின் யூரி ககாரின் பயிற்சி மையத்தில் பயின்றனர். கலம் பனிக்காட்டிலோ நீரிலோ இறங்க நேர்ந்தால் உயிர்தப்பும் முறைகளும் அப்பயிற்சியில் அடங்கும்.

விமானிகள் பயிற்சி பெற்றதைப் போலவே எஞ்சினும் சோதனைக்கு உள்ளானது: மதுரைக்குத் தெற்கே, மகேந்திரகிரியிலுள்ள இஸ்ரோ வளாகத்தில், ககன்யான் திட்டத்திற்கான கிரையோஜெனிக் எஞ்சின், அதாவது மிகக் குளிர்ந்த திரவ ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிக்கும் எஞ்சின், 2022 ஜனவரி 12 அன்று தொடர்ந்து 720 விநாடிகள் இயக்கிச் சோதிக்கப்பட்டது.